கேளுங்க, சொல்றன்: சண்டைக் காலத்துப் பள்ளிக்கூட மெடிக்கல்

மட்டக்களப்பு, அம்பாறை எண்டு ரெண்டு பக்கமும் வேலை செஞ்சு பென்ஷன் எடுத்த ஒரு பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பதில் சொல்றார்.

போன இதழில பள்ளிக்கூட மெடிக்கலப் பத்தி, அதாவது பள்ளிக்கூடத்துக்கே வந்து புள்ளைகள்ட உடம்பப் பார்க்கிறதப் பத்தி, சும்மா ரெண்டு வரி எழுதினன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நினைக்கல்ல. எல்லாத்துக்கும் இடமில்ல. ஒரே மாதிரிக் கேட்டதுகள ஒண்டாக்கிப் போட்டிருக்கன், உங்கட பேர் வரல்ல எண்டு கோவிக்காதீங்க, பேர் போடாம விட்டது நான்தான்.

ஐயா, நான் படுவான்கரையில (வாவிக்கு மேற்குப் பக்கம்) சின்ன வகுப்புப் படிப்பிக்கிறன். எங்கட பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு வருஷமா மெடிக்கல் வரல்ல. கேட்டா டொக்டர் இல்ல, ஆள் இல்ல எண்டுறாங்க. சண்டைக் காலத்தில இத விட ஆள் குறைவுதானே, அப்ப எப்பிடி நடத்தினீங்க? (ஆசிரியை, வெல்லாவெளிப் பக்கம்)

டீச்சர், முதல்ல ஒண்ட சொல்லிப்போடுறன், ஒழுங்கா நடத்தல்ல. நடத்தினம் எண்டு மேடையில சொல்ற ஆக்கள் இருக்காங்க, கேட்டுத்துப் பேசாம வந்திருவன். பாதிதான் நடந்திச்சு. அந்தப் பாதி எந்தப் பாதி எண்டதிலதான் கதையே இருக்கு.

1990 ஜூன்ல சண்டை மறுகாத் தொடங்கினாப் பிறகு தெற்கில இருந்து டொக்டர்மார் வாறது நிண்டு போச்சு, எங்கட ஆக்களும் கொஞ்சப் பேர் கொழும்புக்கு, கொஞ்சப் பேர் வெளிநாட்டுக்கு, ஒரு எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) மூண்டு பிரிவுக்குப் பதில் கடமை பார்த்த காலம் அது, மிட்வைப் மிஸ்மார் மூண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில ஒருத்தர், நான் ஒரு சைக்கிளோட ரெண்டு பி.எச்.ஐ பிரிவு. ஆஸ்பத்திரிகள ஏ.எம்.ஓ (உதவி வைத்திய அதிகாரி) ஐயாமார்தான் புடிச்சுக் கொண்டு நிண்டாங்க. அந்த ஆக்களப் பழைய ஆக்கள் அப்போதிக்கரி எண்டுதான் சொல்லுவாங்க, அவங்க இல்லாட்டி படுவான்கரையில ஒரு புள்ளைக்குக் காய்ச்சலுக்கு மருந்து கிடைச்சிருக்காது.

இப்ப கணக்கப் பாருங்க. ஒரு புள்ளைய டொக்டர் ஒழுங்காப் பார்த்தா 5 நிமிஷம் போகும். பள்ளிக்கூடத்தில 150 புள்ளை எண்டா பன்னிரண்டரை மணித்தியாலம். நாங்க குருமண்வெளித் துறையில காலத்தால பாதை ஏறி அங்கால போய், சைக்கிள் மிதிச்சுப் பள்ளிக்கூடம் போய்ச் சேரக்குள்ள ஒன்பதரை பத்தாயிரும், பகல் ரெண்டு மணிக்கு முந்தித் திரும்பத் துறைக்கு வரோணும், ஏனெண்டா பாதை நிண்டா அண்டைக்கு அந்தப் பக்கம்தான். (வெளியூர் வாசகருக்கு: பாதை எண்டா இங்க ரோட்டு மட்டுமில்ல, வாவியைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பேர்.) அப்ப டொக்டருக்குக் கையில இருக்கிறது மூண்டு மணித்தியாலம், 36 புள்ளை. மிச்சம் 114 புள்ளைய என்ன செய்யிற?

இதுக்கு அந்த எம்.ஓ.எச் ஒரு வழி கண்டுபுடிச்சார். மெடிக்கல்ல செய்யிற வேலைய எல்லாம் ஒரு தாள்ல எழுதி, ஒவ்வொண்டுக்கும் நேரா 'இதுக்கு நான் வேணுமா?' எண்டு கேட்டார். நிறை பார்க்கிறதுக்கு டொக்டர் வேணுமா? வேணாம். உயரத்துக்கு? சுவர்ல கோடு கீறினாப் போதும். கண் சார்ட்? டீச்சருக்கு அரை நாள் பழக்கினாச் சரி. தலையில பேன், கையில சிரங்கு, நகம், இதெல்லாம் மிட்வைப் மிஸ் வரிசையில நிக்க வச்சே பார்த்திருவா. பல்லுச் சூத்தை, தடுப்பூசிக் காட், கிணறு, கக்கூசு என்ட தலையில. கடைசியில அந்தத் தாள்ல டொக்டருக்கெண்டு மிஞ்சினது ரெண்டே ரெண்டு, ஸ்டெத் வச்சு நெஞ்சு கேக்கிறது, மற்றது நாங்க இழுத்து ஒதுக்கி வைக்கிற புள்ளைகள். அதுக்கு மூண்டு மணித்தியாலம் காணும்.

டீச்சர்மார் முதல் நாளே நிறை, உயரம், கண் எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க. ஓ.எல் எழுதித்து வீட்டில இருந்த பொம்புளப் புள்ளைகள் தொண்டரா வந்து பேர் கூப்பிடுங்கள். அந்தப் புள்ளைகளுக்குச் சம்பளம் இல்ல, ஒரு தேத்தண்ணியும் பணிசும். (அப்பிடி வேலை செஞ்ச தொண்டர்மாருக்கு நிரந்தர நியமனம் கிடைக்க எத்தனை வருஷம் போச்சு எண்டதை வேற ஒரு நாளைக்கு எழுதுறன், இப்ப எழுதினா பிரஷர் கூடும்.)

ஒரு நாள் பள்ளிக்கூடம் போகக்குள்ள சென்றியில (சோதனைச் சாவடி) டோர்ச்சில இருந்த பெற்றியக் கழட்டி எடுத்துத்தாங்க. பெற்றி அந்தப் பக்கம் கொண்டு போகத் தடை, மருந்துக்கு அனுமதித் துண்டு இருந்திச்சு, பெற்றிக்கு இல்ல. தொண்டை பார்க்க வெளிச்சம் இல்ல. டொக்டர் என்ன செஞ்சார் எண்டா, அதிபர்ட ரூமில மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியக் கழட்டி என்ட கையில தந்துத்து, மாமரத்துக்குக் கீழ வெயில் விழுற இடமாப் பார்த்துப் புள்ளைய நிப்பாட்டி, 'ஐசே, வெயிலப் புடிச்சு வாய்க்குள்ள அடியும்' எண்டார். நானும் கண்ணாடியச் சரிச்சுச் சரிச்சு அடிக்கிறன், வெளிச்சம் புள்ளைட மூக்கில போகுது, காதில போகுது, புள்ளை கண்ணக் கூசிக்கொண்டு சிரிக்குது, பின்னால வரிசையில நிண்டதுகள் எல்லாம் சிரிக்குதுகள். பத்தாவது புள்ளையோட கை பழகித்து. அண்டைக்குப் பார்த்த தொண்டையள் டோர்ச்சில பார்த்ததை விட வடிவாத் தெரிஞ்சிச்சு எண்டு அவர் பிறகு சொன்னார். வெயில் சாயச் சாய மரத்தச் சுத்தி நாங்களும் நகர்ந்தம்.

நெஞ்சு கேக்கிறதுதான் கஷ்டம். இதயத்தில வால்வு பழுதான புள்ளைக்கு ஒரு சின்ன ஊதல் மாதிரிச் சத்தம் வரும், அத மேர்மர் எண்டு சொல்லுவாங்க. தொண்டைநோ வந்து கவனிக்காம விட்டு, மூட்டு வீங்கி, பிறகு இதயத்தில போய் உக்காருற வருத்தம் இருக்கே, அது இப்பிடித்தான் புடிபடும். ஹெலி ஒண்டு மேலால போனா ஒண்டும் கேக்காது, ஸ்டெத்தக் கழுத்தில போட்டுத்துப் புள்ளைட தோளில கையை வச்சுக்கொண்டு அவர் நிப்பார், ஹெலி போய் முடியும் வரைக்கும். போனாப் பிறகு உடன வைக்க மாட்டார், புள்ளைட நெஞ்சு படபடப்பு அடங்கட்டும் எண்டு இன்னுங் கொஞ்சம் நிப்பார். அப்பிடி நிண்டு கண்டுபுடிச்ச ரெண்டு புள்ளைக்கு மாசம் மாசம் பென்சிலின் ஊசி போட்டம்.

இனி முக்கியமான விசயம். அந்த எம்.ஓ.எச் என்ட கையில ஒரு சி.ஆர் கொப்பி (தடிச்ச மட்டைக் கொப்பி) தந்தார். செஞ்ச வேலை எழுத ஏற்கனவே ரெஜிஸ்டர் இருக்கு, இது செய்யாத வேலை எழுத. இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகல்ல, காரணம் ஷெல். இந்தப் பள்ளிக்கூடத்தில காது பார்க்கல்ல, காரணம் நேரம் இல்ல. இந்த வகுப்பில இந்த இந்தப் புள்ளை அண்டைக்கு வரல்ல. எனக்கு முதல்ல எரிச்சல், செஞ்ச வேலைய எழுதவே நேரம் இல்ல, செய்யாதத வேற எழுதுறதா எண்டு முணுமுணுத்தன். 2002 பெப்ரவரியில சண்டை நிறுத்த ஒப்பந்தம் வந்து துறை வழி எல்லாம் லேசானவுடன நாங்க முதல்ல தூக்கினது அந்தக் கொப்பியத்தான். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல்ல போறதெண்டு ஒருத்தரையும் கேக்கத் தேவைப்படல்ல. அதில இருந்த கொஞ்சப் பேருக்குக் கல்யாணமாகிப் புள்ளையும் இருந்திச்சு. கொஞ்சப் பேர்ட பேருக்கு நேரே கோடு போட்டன், ஏனெண்டு கேக்காதீங்க.

டீச்சர், இப்ப உங்கட பிரச்சினைக்கு வாறன். 2022-க்குப் பிறகு டொக்டர்மார் கனபேர் வெளிநாடு போனது உண்மைதான், பொய் சொல்லல்ல. ஆனா ஆள் இல்ல எண்டது வேலையக் குறைக்கக் காரணமே ஒழிய, குறைச்சதை மறைக்கக் காரணமில்ல. நீங்க டொக்டர் வாற வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. உங்கட வகுப்பில நிறை, உயரம், கண், காது நீங்களே பாருங்க (கண்ணும் காதும் எப்பிடி எண்டு கீழ சொல்லியிருக்கன்), சந்தேகமான புள்ளைகள்ட பேர எழுதி அதிபர் மூலமா எம்.ஓ.எச் ஒபிசுக்குக் குடுங்க. '120 புள்ளைக்கு மெடிக்கல் வேணும்' எண்டு எழுதினா அந்தக் கடிதம் ஃபைலுக்குள்ள போகும். 'இந்த ஒன்பது புள்ளைய ஒருக்காப் பாருங்க' எண்டு எழுதினா யாராவது வருவாங்க, இல்லாட்டி அங்க கூட்டிவரச் சொல்லுவாங்க.

என்ட மகன் அஞ்சாம் வகுப்பு. மெடிக்கல் வந்துத்து அவன்ட வகுப்பப் பார்க்காமப் போயித்தாங்க. ஏன் இந்தப் பாகுபாடு? (தகப்பன், களுவாஞ்சிகுடி)

பாகுபாடு இல்ல தம்பி. 200 பிள்ளைக்குக் குறைஞ்ச பள்ளிக்கூடம் எண்டா எல்லாரையும் பார்க்கிற, அதுக்கு மேல எண்டா 1, 4, 7, 10 ஆம் வகுப்புகளத்தான் பார்க்கிற. மகன நாலாம் வகுப்பில பார்த்திருப்பாங்க, இனி ஏழில பார்ப்பாங்க. இடையில ஏதும் சந்தேகம் இருந்தா வகுப்பு டீச்சர்ட்டச் சொன்னா அண்டைக்குச் சேர்த்துப் பார்ப்பாங்க, வாய் திறந்து கேக்கோணும், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில படுவான்கரையில கரண்டே இல்லையே, ஊசி மருந்து கெட்டுப் போகாதா? கெட்டதத்தான் எங்களுக்குப் போட்டீங்களா? (1984-ல பிறந்தவர், கொக்கட்டிச்சோலை)

கேட்ட விதம் கொஞ்சம் காரம், ஆனா கேள்வி நல்ல கேள்வி. தடுப்பூசி மருந்து 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கோணும். எழுவான்கரையில, அதாவது வாவிக்குக் கிழக்குப் பக்கம், ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில ஐஸ் பேக்க உறைய வச்சு, கேரியர் எண்டு சொல்ற மூடிப் பெட்டிக்குள்ள நாலு பக்கமும் அடுக்கி, நடுவில மருந்தை வச்சு சைக்கிள் கரியர்ல கட்டிக்கொண்டு போவம். எல்லாரும் சூட்டுக்குத்தான் பயப்படுவாங்க, எங்களுக்கு மற்றப் பயமும் இருந்திச்சு. ஏற்புவலி (டெட்டனஸ்), தொண்டைக் கரப்பானுக்குப் (டிப்தீரியா) போடுற மருந்து உறைஞ்சாலும் கெட்டிரும், போலியோச் சொட்டு உறைஞ்சா ஒண்டும் ஆகாது. அதனால ஃபிரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்க உடன அடுக்காம மேசையில போட்டுக் கொஞ்சம் வேர்க்க விட்டுத்துத்தான் அடுக்குவம், மருந்துக் குப்பிய அதில முட்டாமக் கடதாசி சுத்தி வைப்பம். சந்தேகம் வந்தா குப்பியக் குலுக்கிப்போட்டு வைக்கிற, உறைஞ்சு கெட்ட மருந்து எண்டா சீக்கிரமா அடியில படியும், தூள் தூளாத் தெரியும், நல்லது எண்டா கன நேரம் கலங்கினபடி இருக்கும். அப்பிடிக் கெட்டது எண்டு கண்டு நான் கொட்டினது கனக்க. மிஞ்சினதத் திருப்பிக் கொண்டு வந்து ஒப்பேத்துற வேலை என்ட கையால நடக்கல்ல, மற்றவங்கட கைக்கு நான் பொறுப்பில்ல.

1995-ல இருந்து போலியோச் சொட்டுக்கெண்டு நாடு முழுக்க ஒரு நாள் வச்சாங்களே, அதுக்கு ரெண்டு பக்கமும் சண்டைய நிப்பாட்டினாங்க. அண்டைக்குத் துறையில ஒரு சென்றியும் என்ட பெட்டியத் திறக்கச் சொல்லல்ல, எனக்கே ஒரு மாதிரியா இருந்திச்சு. இலங்கையில போலியோ வந்த கடைசிப் புள்ளை 1993-ல. அதுக்குப் பிறகு இல்ல. சண்டை நடந்து கொண்டிருக்கக்குள்ளதான் இதுவும் நடந்திச்சு.

எங்கட ஊர்ல பெரிய வகுப்புப் பொம்புளப் புள்ளைகள ஆம்புள டொக்டர் பார்க்க வாப்பாமார் விடமாட்டாங்க. சண்டைக் காலத்தில இத எப்பிடிச் சமாளிச்சீங்க? அப்பக்குள்ள உங்கட ஆக்கள் எங்கட ஊருக்கு வரவே ஏலாதே? (உம்மா ஒருத்தர், நிந்தவூர்)

தங்கச்சி, ரெண்டையும் நேராக் கேட்டிருக்கீங்க, நேராச் சொல்றன். 1990-ல நடந்ததுகளுக்குப் பிறகு தமிழ் ஆக்கள் முஸ்லிம் ஊருக்கோ முஸ்லிம் ஆக்கள் தமிழ் ஊருக்கோ போறது உயிர் போற விசயம். அதுக்கு முந்தி ஒரே ஒபிசில ஒரே சோத்துப் பார்சலப் பிச்சுத் திண்ட ஆக்கள் நாங்க. எனக்குக் கிடைச்ச பிரிவில மூண்டு முஸ்லிம் பள்ளிக்கூடம் இருந்திச்சு, பக்கத்துப் பிரிவில இருந்த முஸ்லிம் பி.எச்.ஐ-க்கு ரெண்டு தமிழ்ப் பள்ளிக்கூடம். கடிதம் எழுதி அனுமதி எடுத்தா வருஷம் போகும், நாங்களே பேசி மாத்திக்கொண்டம். நான் அவர்ட ரெண்டைப் பார்த்தன், அவர் என்ட மூண்டைப் பார்த்தார், ரிப்போர்ட் மட்டும் அவரவர் பேர்ல போச்சு. மாசத்தில ஒரு நாள் மெயின் ரோட்டில ஒரு கடைக்கு முன்னால நிண்டு மருந்துப் பெட்டியும் தாளும் கைமாத்துவம். ரெண்டு பேரும் கதைக்க மாட்டம், பயம். ஒரு நாள் பெட்டியத் திறந்து பார்த்தா உள்ள ஒரு மஸ்கெற் (இனிப்பு) பார்சல், அண்டைக்குப் பெருநாள் கழிஞ்சு மூணாம் நாள்.

பொம்புளப் புள்ளைகள் விசயத்தில லேடி டொக்டர் ஒருத்தரும் இல்லாத காலத்தில மிட்வைப் மிஸ்தான் எல்லாம். கண் இமையைக் கீழ இழுத்துச் சோகை பார்க்கிறது, நகம், கழுத்து, முதுகு வளைவு, இதெல்லாம் ஒரு வகுப்பறையக் கதவச் சாத்தி, டீச்சர் ஒருத்தர நிக்க வச்சு அவ பார்ப்பா. இரும்புச் சத்துக் குளிசை வாரத்துக்கு ஒண்டு, டீச்சர்ட கையால. தமிழ் ஊர்லயும் இதே கதைதான் தங்கச்சி, எங்கட அப்பாமார் மட்டும் விட்டாங்க எண்டு நினைக்காதீங்க. இப்ப 2017-ல இருந்து ஆறாம் வகுப்புப் பொம்புளப் புள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராம இருக்க ஊசி போடுறாங்க, ரெண்டு தரம். அத மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டிராதீங்க.

நான் வரலாறு படிக்கிறன். ரெண்டாம் உலகப் போர்க் காலத்தில இங்கிலாந்திலயும் பள்ளிக்கூட டொக்டர்மார் எல்லாம் ஆமிக்குப் போயித்தாங்க எண்டு வாசிச்சன். நம்மட கதையும் அதுவும் ஒண்டா? (மாணவன், வந்தாறுமூலை)

ஒண்டில்ல, ஆனா சொந்தக்காரர். அங்க இந்த வேலை சட்டமா வந்தது 1907-ல. தென்னாப்பிரிக்காவில நடந்த போயர் சண்டைக்கு ஆள் எடுக்கக்குள்ள வந்த பொடியனுகள் கனபேர் உடம்பில சத்தில்லாம, பல்லில்லாம நிண்டத அரசாங்கம் கண்டுத்து, 'சின்னனிலயே பார்த்திருக்கலாமே' எண்டு யோசிச்சதும் அதுக்கு ஒரு காரணம். புள்ளையில பாசம் வந்ததை விட ஆமிக்கு ஆள் காணாம வந்த பாசம் எண்டு நான் பகிடியாச் சொல்லுவன். இலங்கையில பள்ளிக்கூட மருத்துவ சேவை தொடங்கினது 1918-ல, பிறகு 1926-ல களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவு வந்திச்சு, இப்ப நாங்க எம்.ஓ.எச் ஒபிஸ் எண்டு சொல்றதுக்கு அதுதான் தாய்.

1939 செப்டம்பர்ல குண்டு விழும் எண்டு பயந்து நகரங்கள்ல இருந்து நாட்டுப் புறத்துக்கு ரெண்டு மூண்டு நாளுக்குள்ள பதினைஞ்சு லட்சம் பேரளவில அனுப்பினாங்க, கூடுதலும் புள்ளைகள். போய்ச் சேர்ந்த வீடுகள்ல, 'எங்கட வீட்டுக்குப் பேனும் சொறியும் வந்திருக்கு' எண்டு பெரிய சத்தம். அதுக்கு முந்தி வருஷா வருஷம் பள்ளிக்கூட நர்ஸ்மார் தலை பார்த்து ரிப்போர்ட் குடுத்துக்கொண்டுதான் இருந்தாங்க, பேன் கனக்க இல்ல எண்டு. கெனத் மெலன்பி எண்ட ஒரு ஆராய்ச்சியாளர் வேற மாதிரிக் கணக்கெடுத்துப் பார்த்தா ரிப்போர்ட்டில இருந்ததை விடப் பல மடங்கு. பேன் புடிச்ச புள்ளைகள் தலை பார்க்கிற அண்டைக்குப் பள்ளிக்கூடம் வராதுகள், வந்ததுகளையும் மேலோட்டமாப் பார்த்திருக்காங்க. இத வாசிக்கக்குள்ள எனக்கு எங்கட சி.ஆர் கொப்பிதான் நினைவுக்கு வந்திச்சு. அண்டைக்கு வராத புள்ளைட பேர ஏன் எழுதச் சொன்னார் எண்டு எனக்கு அப்பதான் ஒழுங்கா விளங்கினது.

டொக்டர்மார் ஆமிக்கும் குண்டு விழுற இடத்து முதலுதவிக்கும் போக, எல்லாப் புள்ளைகளையும் வகுப்பு வாரியாப் பார்க்கிறதக் கன இடத்தில குறைச்சுத்தாங்க. பென்ஷன் எடுத்தவங்களும், கல்யாணத்தோட வேலைய விட்ட பொம்புள டொக்டர்மாரும் திரும்ப வந்தாங்க. அவ்வளவு நெருக்கடியிலயும் ஒரு வேலையக் கூட்டினாங்க, தொண்டைக் கரப்பான் தடுப்பூசி. 1940-ல அந்த வருத்தத்தால மட்டும் இங்கிலாந்து வேல்ஸ்ல 2,000 பேருக்கு மேல, கூடுதலும் புள்ளைகள், செத்தாங்க, அதுக்குப் பிறகுதான் நாடு முழுக்க ஊசி இயக்கம், சண்டைக்கு நடுவில. ஆள் குறைஞ்சாலும் ஊசிய விடல்ல, அது எங்கட கதையோட ஒத்துப் போகுது. வித்தியாசம் எது எண்டா, அவங்களுக்குக் குண்டு மேலால வந்திச்சு, டொக்டர் துண்டு காட்டி சென்றி கடக்கத் தேவையில்ல.

எனக்கு இப்ப 40 தாண்டித்து. 90-கள்ல திருக்கோவில் பக்கம் அகதியா இருந்து படிச்சன். சின்னனில இருந்து வலக்காதால சீ வடியும். பின் வாங்கில இருந்தன், கேக்காது, கேட்டதுக்குப் பதில் சொல்லல்ல எண்டு அடி. எட்டாம் வகுப்போட நிண்டுத்தன். போன வருஷம் டொக்டர் பார்த்துத்து, செவிப்பறையில ஓட்டை, சின்ன வயசிலயே பார்த்திருக்கலாம் எண்டார். பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் எண்டு ரெண்டு தரம் வந்தாங்க ஐயா, எனக்கு நினைவிருக்கு. அவங்க ஏன் என்ட காதப் பார்க்கல்ல? (மீன் வியாபாரி, அம்பாறைக் கரையோரம்)

தம்பி, இந்தக் கடிதத்த மூண்டு நாள் மேசையில வச்சிருந்தன்.

அந்தக் காலத்தில அந்தக் கரையில நானும் வேலை செஞ்சன். உங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்தது நானா இருக்கலாம். காது பார்க்கிறது ஏன் நிண்டது எண்டு மேல டீச்சருக்கு எழுதின கணக்குத்தான், மூண்டு மணித்தியாலத்துக்குள்ள எதையாவது வெட்டோணும், நாங்க காத வெட்டினம். ஏன் காது? ஸ்டெத் ஒண்டு இருந்திச்சு, காது பார்க்கிற ஓட்டோஸ்கோப் ஒபிசில ஒண்டே ஒண்டு, அதுவும் பல்ப் போனது, பல்ப் கொழும்பால வரோணும். ஊசிய வெட்டினா புள்ளை சாகும், காத வெட்டினா சாகாது எண்டு நினைச்சம். சாகாது எண்டது சரி. என்ன ஆகும் எண்டதை நாங்க யோசிக்கல்ல, அத நீங்க எழுதியிருக்கீங்க.

இதில எனக்கு உறுத்துறது எது எண்டா, பல்ப் இல்லாட்டியும் செஞ்சிருக்க ஏலும். புள்ளைக்குப் பின்னால கை நீட்டினா எட்டுற தூரத்தில நிண்டு, ஒரு காதப் பொத்தச் சொல்லித்து, குசுகுசு எண்டு மூண்டு இலக்கம் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்றது. அரை நிமிஷ வேலை. சீ வடியிற காதுக்கு டோர்ச்சும் தேவையில்ல, மணமே சொல்லும். நிறை பார்க்க டீச்சருக்குப் பழக்கின எங்களுக்கு இதப் பழக்கத் தோணல்ல. 2002-க்குப் பிறகுதான் பழக்கினம். கொப்பியில 'காது பார்க்கல்ல' எண்டு எழுதியிருந்த பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பிப் போகக்குள்ள உங்கள மாதிரி எட்டோட ஒன்பதோட நிண்டவங்க அங்க இல்ல. அகதியா வந்து போன புள்ளைகள்ட பேர் சில நேரம் கொப்பியிலயும் இல்ல. உங்கட டீச்சரையும் நான் குத்தம் சொல்ல மாட்டன், அவவுக்கு யாரும் சொல்லல்ல. அடிச்சது பிழைதான்.

இப்ப என்ன செய்யலாம் எண்டா, இ.என்.டி கிளினிக்குக்குக் கட்டாயம் போங்க. செவிப்பறை ஓட்டைய மூடுற ஒபரேஷன் பெரிய ஆக்களுக்கும் செய்யிறாங்க, காது காஞ்சு இருக்கோணும், எல்லாருக்கும் சரிவராது, அத அவங்க பார்த்துச் சொல்லுவாங்க. அது வரைக்கும் காதுக்குள்ள எண்ணெய் விடாதீங்க, தலை முழுகக்குள்ள பஞ்சில வாசலின் தடவி வெளிக்காதில வைங்க, கடல்ல முங்காதீங்க. திடீரெண்டு தலைச்சுத்து, முகம் ஒரு பக்கம் இழுக்கிற மாதிரி, காதுக்குப் பின்னால வீக்கம், இதில ஒண்டு வந்தாலும் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்கட புள்ளைகள் இருந்தா அதுகள்ட காதையும் அந்தக் குசுகுசு முறையில பாருங்க.

கொஞ்சம் கழிச்சு இன்னொரு கடிதம் போடுங்க, என்ன சொன்னாங்க எண்டு. பத்திரிகையில போட இல்ல, எனக்கு.

பேனுக்கு மண்ணெண்ணெய் வைக்கலாமா? அம்மம்மா அகதி முகாமில அப்பிடித்தான் செஞ்சதாச் சொல்றா. (வாசகி, செங்கலடி)

வைக்காதீங்க புள்ள. முகாமில விளக்குக்குப் பக்கத்தில இருந்து மண்ணெண்ணெய்த் தலையோட எரிஞ்சு வந்த புள்ளைய நான் கண்டிருக்கன். தலைய நனைச்சுத் தேங்காண்ணெயோ கண்டிஷனரோ நல்லாத் தடவி, பேன் சீப்பால அடி மயிர்ல இருந்து நுனி வரைக்கும் இழுக்கோணும், மூண்டு நாலு நாளைக்கு ஒருக்கா, ரெண்டு கிழமைக்கு. ஒரு நாள் இழுத்துத்து விட்டா ஈர் பொரிச்சு மறுகா வரும். வீட்டில எல்லார்ட தலையும் அண்டைக்கே பாருங்க, அம்மம்மாட தலையும்.

கண் சார்ட் எங்கட பள்ளிக்கூடத்தில இருக்கு, ஆனா வகுப்பறை சின்னன், 6 மீற்றர் இல்ல. டீச்சர்மார் நாங்களே பார்க்கிறது எண்டா எப்பிடி? (ஆசிரியர், வவுணதீவு)

வெளிய கொண்டு போங்க சேர், விறாந்தை காணும். 6 மீற்றர நூல்ல அளந்து முடிச்சுப் போட்டு வச்சிருங்க, எல்லா வருஷமும் அதே நூல். வெயில் சார்ட்டில விழோணும், புள்ளைட கண்ணில விழப்படாது. எழுத்து இருக்கிற சார்ட்ட விட்டுத்து, இங்கிலீஷ் E எழுத்து மாதிரி மூண்டு கால் இருக்கிற அடையாளம் மேல, கீழ, இடம், வலம் எண்டு திரும்பியிருக்கிற சார்ட்ட எடுங்க, சின்னப் புள்ளைகள் கையால காட்டுங்கள். கண்ணக் கையால பொத்த விட்டா விரலுக்கிடையால பார்க்குங்கள், காட்போட் துண்டொண்டு வெட்டிக் குடுங்க. முக்கியமா, வரிசைய சார்ட்டுக்கு முதுகு காட்டி நிக்க வைங்க. நாங்க அப்பிடி வைக்காம ஒரு தரம் பார்த்தா 42 புள்ளையும் நல்ல பார்வை, ஒண்டுக்கும் பிழையில்ல, எங்களுக்கும் சரியான சந்தோசம். வாசல்ல நிண்ட அதிபர்தான் சிரிச்சுத்துச் சொன்னார், பின்னால நிண்டதுகள் பாட்டு மாதிரிப் பாடமாக்கிக் கொண்டிருக்குதுகள் எண்டு. சார்ட்டத் தலைகீழாத் திருப்பி மாட்டிப்போட்டு முதல்ல இருந்து தொடங்கினம், அண்டைக்குப் பாதையத் தவற விட்டு அதிபர்ட வீட்டிலதான் படுக்கை.